வாட் டைலர்: பகைவர் எழுதிய ஏட்டில் எஞ்சிய பெயர்

சென்ற இதழில் வரிகளின் வரலாறு குறித்த பதிலொன்றில், 1381இல் இங்கிலாந்தில் நடந்த உழவர் எழுச்சியையும் அதன் தலைவர் வாட் டைலரையும் இரண்டே வரிகளில் குறிப்பிட்டிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் சிலர் அவரைப் பற்றி எழுதிக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

வாட் டைலர் அரியணை ஏறியவர் அல்லர். நூல் எதுவும் எழுதியவர் அல்லர். அவர் நடத்திய எழுச்சியும் தோற்றுப்போனது. அப்படியிருந்தும் அவர் பெயர் 600 ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருப்பது எதனால்?
(பள்ளி ஆசிரியை ஒருவர், கும்பகோணம்)

முதலில் அவருடைய பெயரைச் சொல்லிவிடுகிறேன். டைலர் என்பது ஓடு வேய்பவரைக் குறிக்கும் தொழிற்பெயர். தையற்காரரைக் குறிக்க நாம் வழங்கும் சொல்லோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1381 ஜூனுக்கு முன் இவர் எங்கே வாழ்ந்தார், என்ன செய்தார் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. கென்ட் பகுதி மக்கள் அந்த மாதத் தொடக்கத்தில் இவரைத் தலைவராக ஏற்றனர். ஜூன் 15ஆம் நாள் லண்டனின் ஸ்மித்ஃபீல்டு திடலில் இவர் கொல்லப்பட்டார். வரலாற்றின் வெளிச்சம் இவர்மீது விழுந்தது பத்து நாள்கூட இராது.

அந்த நாள்களுக்குப் பின்னால் முப்பதாண்டுக் கசப்பு இருந்தது. 1348இல் இங்கிலாந்தில் பரவத் தொடங்கிய கொள்ளைநோய் ஊர்களை வெறுமையாக்கியபோது, உயிர் பிழைத்த உழைப்பாளிகளுக்குத் தேவை கூடியது. அவர்கள் கூடுதல் கூலி கேட்டனர். நாடாளுமன்றமோ 1351இல் ஒரு சட்டம் இயற்றி, கூலியை நோய்க்கு முந்தைய அளவிலேயே கட்டிப்போட முயன்றது. நிலத்தோடு பிணைக்கப்பட்ட பண்ணையடிமை முறையும் நீடித்தது. பிரான்சோடு நடந்த போருக்குப் பணம் தேவைப்பட, 1377இல் தலைக்கு 4 பென்னி வரி விதிக்கப்பட்டது. மூன்றாவது முறையாகத் தலைவரி விதிக்கப்பட்டபோது அது 15 வயதைக் கடந்தவர்களுக்குத் தலைக்கு 12 பென்னியாக உயர்ந்திருந்தது. எசெக்ஸில் மூண்ட எதிர்ப்பு கென்ட்டுக்குப் பரவியது. ஜூன் 13ஆம் நாள் மக்கள் லண்டனுக்குள் நுழைந்தனர். அரசனின் சித்தப்பாவான ஜான் ஆஃப் கான்ட் என்பவரின் சவாய் அரண்மனை எரிந்தது. மறுநாள் கேன்டர்பரி பேராயர் சைமன் சட்பரியும் கருவூலத் தலைவர் ராபர்ட் ஹேல்ஸும் தலை வெட்டப்பட்டனர். இவற்றோடு நகரில் வாழ்ந்த ஃபிளெமிஷ் மக்கள் பலரும் கொல்லப்பட்டனர் என்பதை, டைலர்மேல் பெருமதிப்பு வைத்திருக்கும் நான் மறைக்க விரும்பவில்லை.

இருந்தாலும் அவர் பெயர் நிலைத்ததற்குக் காரணம் இந்த வன்முறை அன்று. ஸ்மித்ஃபீல்டில் அவர் பேசிய பேச்சு என்றே கருதுகிறேன். அக்கால வரலாற்றுக் குறிப்பேடுகளுள் அனோனிமாலே எனப்படும் ஒன்று அந்தச் சந்திப்பை விரிவாகச் சொல்கிறது. டைலர் குதிரையிலிருந்து இறங்கி, அரைகுறையாக முழங்காலை மடக்கி, 14 வயது அரசன் இரண்டாம் ரிச்சர்டின் கையைப் பற்றிக் குலுக்கி, அவனைச் ‘சகோதரரே’ என்று அழைத்தாராம். பிறகு தம் கோரிக்கைகளை அடுக்கினார்: அரசனுடையதைத் தவிர வேறு எவருடைய ஆண்டான்மையும் நாட்டில் இருக்கக் கூடாது, திருச்சபையின் மிகைச் சொத்துகளை மக்களுக்குப் பங்கிட வேண்டும், நாடு முழுவதற்கும் ஒரே ஓர் ஆயர் போதும், பண்ணையடிமை என்று இனி ஒருவரும் இருக்கக் கூடாது. கையெழுத்துப் போடத் தெரிந்தவரா என்றுகூட நமக்குத் தெரியாத ஒரு கைவினைஞர், முடிசூடியவனின் முகத்துக்கு நேரே ஒரு நாட்டின் அமைப்பையே மாற்றிச் சொல்லியிருக்கிறார். அதை ஏட்டில் பதிந்து வைத்தவரும் அவருடைய ஆதரவாளர் அல்லர் என்பதுதான் என்னை ஒவ்வொரு முறையும் நெகிழவைக்கிறது. புனித ஆல்பன்ஸ் மடத்துத் துறவி தாமஸ் வால்சிங்கம், பிரெஞ்சு மொழியில் எழுதிய ஃபுரூவாசார் போன்ற ஏனையோர் இன்னும் கடுமையான பகைமையோடு எழுதினர். வால்சிங்கத்தின் மடத்தையே அதன் குடியானவர்கள் எதிர்த்து எழுந்திருந்தனர். டைலர் தம் வாயால் சொன்னதாக நம் கைக்கு வந்திருப்பவை அனைத்தும் இத்தகையவர்களின் வழியாக வந்தவையே.

டைலரின் மகளிடம் வரி வசூலிப்பவன் முறைகேடாக நடந்துகொண்டதால், அவர் அவனை அடித்துக் கொன்றார் என்றும் அதிலிருந்தே எழுச்சி தொடங்கியது என்றும் சிறுவயதில் படித்தேன். அது உண்மைதானா?
(ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், மதுரை)

நானும் அப்படித்தான் முதலில் படித்தேன்; படித்தபோது கண் கலங்கியதும் உண்டு. ஆனால் எழுச்சி நடந்த காலத்துக் குறிப்பேடுகளில் டைலரைப் பற்றி இந்தக் கதை இல்லை. இதைப் பரப்பியவருள் முதன்மையானவர், சுமார் 200 ஆண்டுகளுக்குப் பின் எழுதிய லண்டன் வரலாற்றாசிரியர் ஜான் ஸ்டோ. அவர் எழுதியதும் டார்ட்ஃபோர்டைச் சேர்ந்த ஜான் டைலர் என்ற வேறொருவரைப் பற்றி. பெண் வரிக்குரிய வயதை எட்டிவிட்டாளா என்று பார்ப்பதாகச் சொல்லி அதிகாரி அவளை அவமதித்தான் என்பதும், ஓடு வேய்ந்துகொண்டிருந்த தந்தை தம் வேலைக் கருவியோடு ஓடிவந்து அவனை அடித்தார் என்பதும் அக்கதை. ஒரே தொழிற்பெயர் கொண்ட இருவரும் காலப்போக்கில் ஒருவராயினர். 19ஆம் நூற்றாண்டில் சார்லஸ் டிக்கன்ஸ், குழந்தைகளுக்காக எழுதிய இங்கிலாந்து வரலாற்றில் இதை வாட் டைலரின் கதையாகவே சொன்னார். அதோடு, அவருடைய தோல்வியைக் கண்டு மகிழ்ந்த ஒட்டுண்ணிகளைவிட அவர் உயர்ந்த இயல்பும் மிகுந்த துணிவும் கொண்டவராக இருந்திருக்கக்கூடும் என்றும் எழுதி அவருக்கு நியாயம் செய்தார்.

அக்கதை டைலருக்கு அனுதாபத்தைத் தேடித் தந்தது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அதனால் நேர்ந்த இழப்பே பெரிது என்பது என் எண்ணம். பண்ணையடிமை முறையை ஒழிக்கச் சொன்ன ஓர் அரசியல் தலைவரை, மகளுக்காகப் பழிவாங்கிய ஒரு தந்தையாக அது சுருக்கிவிட்டது. ஏழை ஒருவன் எழுந்து நின்றால் அவனுக்குச் சொந்தத் துயரம் ஏதேனும் இருந்தாக வேண்டும், கொள்கை இருக்க முடியாது என்ற நினைப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. மேடையிலும் நாவலிலும் இக்கதை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டபோது, ஸ்மித்ஃபீல்டு கோரிக்கைகள் பின்னுக்குப் போயின.

ஆங்கில இலக்கியம் டைலரை எப்படி நடத்தியது? ஷேக்ஸ்பியர் அவரைப் பற்றி எழுதியிருக்கிறாரா?
(முதுகலை மாணவர், பாளையங்கோட்டை)

நேரடியாக எழுதவில்லை. ‘ஆறாம் ஹென்றி’ நாடகத்தின் இரண்டாம் பகுதியில் வரும் கலகத் தலைவன் ஜாக் கேட், 1450ஆம் ஆண்டின் எழுச்சிக்கு உரியவன். ஆனால் அந்தக் காட்சிகளுக்கு வண்ணம் சேர்க்க ஷேக்ஸ்பியர் 1381ஆம் ஆண்டின் செய்திகளை எடுத்துக்கொண்டார். வழக்கறிஞர்களையெல்லாம் முதலில் கொல்வோம் என்று அந்நாடகத்தில் வரும் புகழ்பெற்ற பேச்சுக்குப் பின்னால், அடிமைத்தனத்துக்குச் சான்றாக இருந்த பண்ணை ஆவணங்களைத் தீயிலிட்ட 1381ஆம் ஆண்டு மக்கள் நிற்கிறார்கள்.

எழுச்சியின் காலத்திலேயே வாழ்ந்த கவிஞர் ஜான் கோவர், தம் இலத்தீன் காவியத்தின் முதற்பகுதியில் கலகக்காரர்களைக் கழுதைகளாகவும் எருதுகளாகவும் பன்றிகளாகவும் மாற்றினார். டைலரோ பேசக் கற்றுக்கொண்ட, எந்தக் கூண்டிலும் அடங்காத ஒரு பறவை ஆனார். கோவர் பழிக்கத்தான் எழுதினார். ஆனாலும் அந்தக் கூண்டும் பேச்சும் அவரை அறியாமலேயே ஓர் உண்மையைச் சொல்லிவிட்டன. கோவரின் நண்பரான கவிஞர் சாசரோ, எழுச்சியின் மற்றொரு தலைவரான ஜாக் ஸ்ட்ராவின் பெயரை, சேவலும் நரியும் வரும் கதையொன்றில் போகிற போக்கில் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்.

ஏறத்தாழ 400 ஆண்டுகள் டைலரின் பெயர் எச்சரிக்கையாகவே பெரிதும் வழங்கியது. அதைப் புரட்டிப்போட்டது பிரெஞ்சுப் புரட்சியின் காலம். 1792இல் தாமஸ் பெய்ன், ‘மனிதனின் உரிமைகள்’ நூலின் இரண்டாம் பகுதியில் ஓர் அடிக்குறிப்பில், 1215இல் மாக்னா கார்ட்டா உரிமைச் சாசனத்துக்காக ஜான் அரசனிடம் பிரபுக்கள் கேட்டவற்றைவிட ரிச்சர்டிடம் டைலர் கேட்டவை நியாயமானவை, பொதுநலம் சார்ந்தவை என்று வாதிட்டார். பிரபுக்களுக்கு, அந்தச் சாசனம் பிறந்த ரன்னிமீடில் நினைவுச்சின்னம் தகுமென்றால், டைலருக்கு ஸ்மித்ஃபீல்டில் தகும் என்றும் எழுதினார். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, இருபது வயதை ஒட்டிய கவிஞர் ராபர்ட் சவுதி, டைலரை நாயகனாக்கி நாடகம் எழுதினார். அது அப்போது வெளிவரவில்லை. காலம் மாறியது, சவுதியும் மாறினார், 1813இல் அரசவைக் கவிஞரானார். 1817இல், அவர் சீர்திருத்தவாதிகளைக் கண்டித்து எழுதிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பழைய கையெழுத்துப் படி யாருடைய அனுமதியும் இல்லாமல் அச்சேறியது. சவுதி தடை கேட்டு நீதிமன்றம் சென்றார். சமுதாயத்துக்குத் தீங்கு விளைவிக்கக்கூடிய எழுத்துக்குச் சொத்துரிமைப் பாதுகாப்பு கேட்க முடியாது என்ற நியாயத்தில் நீதித்துறைத் தலைவர் எல்டன் பிரபு தடை தர மறுத்துவிட்டார். விளைவு என்ன தெரியுமா? உரிமை எவருக்கும் இல்லையென்று ஆனதால், அச்சகத்தார் பலரும் மலிவு விலையில் அதை அச்சிட்டு விற்றனர். அரசவைக் கவிஞரின் மற்ற நூல்கள் எட்டாத கைகளுக்கெல்லாம் அந்த நாடகம் போய்ச் சேர்ந்தது. நாடாளுமன்றத்தில் வில்லியம் ஸ்மித் அந்நாடகத்தை எடுத்துக்காட்டிக் கொள்கை மாறியவரைச் சாடினார். இலக்கியத்தில் டைலருக்குக் கிடைத்த மிகப் பெரிய வெற்றி இதுவென்றே சொல்வேன்.

வாக்குரிமை கேட்டுப் போராடிய சார்ட்டிஸ்டுகள் அவரைத் தம் முன்னோராகக் கொண்டாடினர். 1888இல் நூலாக வந்த வில்லியம் மாரிஸின் கதை, டைலரை விட்டு எழுச்சியின் பாதிரியார் ஜான் பாலைக் கனவில் சந்தித்தது. ‘ஆதாம் நிலம் கொத்த, ஏவாள் நூல் நூற்ற நாளில் மேற்குடியான் என்று எவன் இருந்தான்?’ என்று பொருள்படும் வரியை வைத்துப் பால் பிளாக்ஹீத்தில் பேசினார் என்பது வால்சிங்கத்தின் குறிப்பு; ஆதாமும் ஏவாளும் உழைக்கும் அந்தக் காட்சியைப் பர்ன்-ஜோன்ஸ் ஓவியமாக வரைந்து மாரிஸின் நூலுக்குத் தந்தார். இசையிலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: பொதுவுடைமையாளரான ஆலன் புஷ் டைலரைப் பற்றி இயற்றிய இசைநாடகம் 1951இல் பிரிட்டனின் கலை மன்றத்தின் பரிசைப் பெற்றது, மேடை கண்டதோ 1953இல், கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில். இங்கிலாந்து மேடைக்கு அது வர 1974 ஆயிற்று.

லண்டன் மாநகரச் சின்னத்தில் இருப்பது டைலரைக் குத்திய குறுவாள் என்கிறார்களே?
(வாசகர், புதுச்சேரி)

அன்று. அது புனித பவுலின் வாள். 1381 ஏப்ரலிலேயே, டைலர் இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, அச்சின்னம் வழக்கில் இருந்தது. டைலரைத் தாக்கிய மேயர் வில்லியம் வால்வொர்த் மீன் வணிகர் குழுமத்தைச் சேர்ந்தவர். அக்குழுமத்தின் மாளிகையில் அவருடையது என்று சொல்லப்படும் குறுவாளும், 1685இல் எட்வர்ட் பியர்ஸ் செதுக்கிய அவருடைய மரச்சிலையும் இருக்கின்றன. வென்றவருக்குச் சிலையும் புகழும் கிடைத்துவிட்டன. நகரச் சின்னத்து வாளும் அவருடையது என்ற கதை அந்த மகிமையோடு சேர்ந்துகொண்டது.

மார்கரெட் தாட்சரின் ஆட்சியில் டைலரின் பெயர் மீண்டும் பேசப்பட்டதாமே?
(வணிகர், ஈரோடு)

ஆம். வீட்டின் மதிப்பைப் பொறுத்து வாங்கிய உள்ளாட்சி வரியை நீக்கி, வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒரே தொகை என்ற முறை 1989இல் ஸ்காட்லாந்திலும் 1990இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வந்தது. அரசு அதற்குச் சமூகக் கட்டணம் என்று பெயர் வைத்தது. மக்களோ 1381ஆம் ஆண்டின் பழைய சொல்லான தலைவரி என்பதையே அதற்குச் சூட்டினார்கள். மாளிகைவாசிக்கும் அவர் வீட்டுத் தோட்டக்காரருக்கும் ஒரே தொகை என்ற அநீதியை விளக்க நீண்ட பேச்சு தேவைப்படவில்லை; அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. 1990 மார்ச் 31இல் டிரஃபால்கர் சதுக்கத்தில் கூடிய பேரணி கலவரமாக மாறியது. நவம்பரில் தாட்சர் பதவி விலக இந்த வரியும் ஒரு காரணமாயிற்று. 1993இல் வரியே போய்விட்டது. டைலர் விட்டுச்சென்றதில் சிலையைவிடவும் பாடலைவிடவும் இந்தச் சொல்லையே நான் மேலாக மதிக்கிறேன்.

அடுத்த மாதம் லண்டனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறேன். டைலரின் நினைவாகப் பார்க்க என்ன இருக்கிறது?
(இல்லத்தரசி, திருச்சி)

பிளாக்ஹீத்தில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. நேரம் கிடைத்தால் எசெக்ஸில் பிட்சீ என்னுமிடத்தில் அவர் பெயர் தாங்கிய பெரிய பூங்காவுக்கும் போய்வரலாம். எழுச்சி மூண்ட ஃபாபிங் சிற்றூர் அதற்கு அருகில்தான்.

ஆனால் முதலில் ஸ்மித்ஃபீல்டுக்குப் போங்கள். பெய்ன் கேட்ட நினைவுச்சின்னம் 223 ஆண்டுகள் கழித்து, 2015 ஜூலை 15இல், ஜான் பால் கொல்லப்பட்ட அதே தேதியில், அங்கே திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் திரைப்பட இயக்குநர் கென் லோச். அந்தக் கற்பலகை பதிந்திருப்பது புனித பர்த்தலோமேயு மருத்துவமனையின் சுவரில். 1381இல் குத்துப்பட்டுக் கிடந்த டைலரை அவருடைய தோழர்கள் பர்த்தலோமேயுவை ஒட்டியிருந்த ஏழைகளுக்கான மருத்துவமனைக்குத்தான் தூக்கிச் சென்றார்கள் என்று அனோனிமாலே குறிப்பேடு சொல்கிறது. வால்வொர்த் அங்கே தேடி வந்து, படுத்திருந்தவரை வெளியே கொண்டுவரச் செய்து, திடலில் வைத்துத் தலையை வெட்டச் செய்தார். 1123இல் தொடங்கப்பட்ட பர்த்தலோமேயு மருத்துவமனை அதே இடத்தில் இன்றும் நோயாளிகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது.