ஓலெட் திரையின் மின்செலவு: செயலி வாங்குவதா, திரையை மாற்றுவதா?

வாசகர் ஒருவர் தம் கைபேசியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அதில் இருப்பது ஓலெட் திரை; அதாவது, பிக்சல் எனப்படும் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை. பெட்டியின் மேல் ‘1 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை’ என்று, நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படும் என்ற கணக்கு அச்சிட்டிருக்கிறது. இருந்தும் மாலைக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. மாறுகின்ற பிக்சல்களை மட்டும் புதுப்பித்து மின்செலவைப் பாதியாக்குவதாகச் சொல்லும் ஒரு செயலியை வாங்கலாமா, பழுதுபார்ப்பவர் சொல்வதுபோல் திரையையே புதியதாக மாற்றிவிடலாமா, பூட்டிய திரையில் எப்போதும் ஒளிரும் கடிகாரத்தை அணைத்துவிட வேண்டுமா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

செயலியும் வேண்டாம், புதிய திரையும் வேண்டாம். ஏன் என்பதைச் சற்று விளக்கியாக வேண்டும். இந்த இடத்தில் மக்களுக்கு உள்ள தெளிவின்மையை வைத்துத்தான் பலர் பணம் பறிக்கிறார்கள்.

ஓலெட் திரை இரண்டு வழிகளில் மின்சாரத்தைச் செலவிடுகிறது. பிக்சல்கள் ஒளிர்வதற்கு ஆகும் செலவு முதலாவது. எந்தப் பிக்சல் எவ்வளவு ஒளிர வேண்டும் என்ற கட்டளையைத் திரும்பத் திரும்ப எழுதுவதற்கு ஆகும் செலவு இரண்டாவது. ஒவ்வொரு பிக்சலின் பின்னும் உள்ள சிறிய மின்தேக்கி அந்தக் கட்டளையை ஓட்டைக் குடம் தண்ணீரை வைத்திருப்பதுபோல்தான் வைத்திருக்கிறது. கசிவதற்குள் மறுபடியும் நிரப்ப வேண்டும். 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 முறை நிரப்புகிறோம் என்று பொருள். அந்த மின்தேக்கிக்குக் கதவுபோல் திறந்து மூடுபவை டிரான்சிஸ்டர்கள் என்ற நுண் சுவிட்சுகள். எல்டிபிஎஸ் எனப்படும் வழக்கமான டிரான்சிஸ்டர்களில் கசிவு அதிகம். கசிவு மிகக் குறைந்த ஆக்சைடு டிரான்சிஸ்டர்களை அவற்றோடு சேர்த்துச் செய்யும் எல்டிபிஓ திரைகளில் ஒரு நொடி முழுவதும் புதுப்பிக்காமல் விடலாம். ஆப்பிள் கைக்கடிகாரத்தில் இத்தகைய திரை 2018இல் வந்தது; மறு ஆண்டு மாடலில்தான் 1 ஹெர்ட்ஸுக்கு இறங்கி எப்போதும் ஒளிரும் வசதி கிடைத்தது.

பிக்சல்களைத் தேவைக்கேற்பப் புதுப்பிக்கும் உத்தி மிச்சப்படுத்துவது இந்த இரண்டாவது செலவை மட்டுமே. வெள்ளைப் பின்னணியுள்ள ஒரு பக்கத்தை முழு வெளிச்சத்தில் திறந்து வைத்தால், திரை 1 ஹெர்ட்ஸுக்கு இறங்கினாலும் ஒளிரும் செலவு அப்படியே இருக்கும். அதைக் குறைக்க வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், அல்லது பின்னணியைக் கறுப்பாக்க வேண்டும். அதிலும் அளவு தெரிந்து நம்ப வேண்டும். பர்டூ பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, முழு வெளிச்சத்தில் டார்க் மோடுக்கு மாறினால் சராசரியாக 39 முதல் 47 விழுக்காடு வரை மிச்சமாகிறது. பலரும் வைத்திருக்கும் 30 முதல் 50 விழுக்காட்டு வெளிச்சத்திலோ 3 முதல் 9 விழுக்காடுதான்.

பெட்டியில் அச்சிட்ட ‘1’ உங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? திரையில் ஏதாவது அசைந்துகொண்டே இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். நகரும் வால்பேப்பர், துடிக்கும் விளம்பரம், தானாக ஓடும் காணொளி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மூலையில் இருந்தாலும், பெரும்பாலான கைபேசிகளில் திரை முழுவதும் அதன் வேகத்துக்கு இழுக்கப்படும். மடிக்கணினியிலும் இதே கதைதான். விண்டோஸ் 11இல் கடிகாரத்தில் நொடிகளைக் காட்டும் தெரிவின் அருகிலேயே, அது கூடுதல் மின்சாரம் எடுக்கும் என்று எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். இதை விளம்பரங்களில் காண முடியாது. இருட்டறையில், வெளிச்சத்தை அடியோடு குறைத்துப் படிக்கும்போது பல கைபேசிகள் திரையைப் புதுப்பிக்கும் வேகத்தைக் குறைப்பதே இல்லை. அந்த நிலையில் பிக்சலுக்குள் செல்லும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால், சிறு கசிவும் அதைக் கணிசமாக மாற்றிவிடும். ஒரு புதுப்பிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே திரை மினுக்குவதும், வேகம் மாறும் கணத்தில் சாம்பல் நிறம் பச்சையாகவோ சிவப்பாகவோ சாய்வதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதைத் தவிர்க்க, தயாரிப்பாளர்கள் குறைந்த வேகத்தையே அங்கே தடுத்துவிடுகிறார்கள். இது பழுதல்ல, சரிசெய்து தருகிறேன் என்பவரிடம் கைபேசியைக் கொடுக்காதீர்கள். எந்த வெளிச்சத்துக்குக் கீழே இது நிகழும் என்று ஒரு வரி அச்சிட நிறுவனங்களுக்கு என்ன தடை? பெட்டியில் பெரிய எழுத்தில் ‘1–120’ என்று போட இடம் இருக்கிறது, நிபந்தனைக்கு மட்டும் இடம் இல்லை. அதைக் கேட்க வேண்டிய ஒழுங்குமுறை அமைப்புகளும் கேட்பதில்லை.

இனி செயலிக்கு வருவோம். எந்தப் பிக்சலை எப்போது எழுதுவது என்பதை இயங்குதளமும் திரையின் இயக்கி சிப்பும் சேர்ந்து தீர்மானிக்கின்றன; கடையிலிருந்து இறக்கிய செயலிக்கு அங்கே கை எட்டாது. இத்தகைய செயலிகள் செய்வது, திரையின் மேல் ஒரு கறுப்பு வலையைப் போர்த்திப் பாதிப் பிக்சல்களை மறைப்பது. மிச்சம் உண்மைதான், ஆனால் வெளிச்சத்தைக் குறைத்தாலே கிடைக்கும் மிச்சம் அது. எழுத்தின் கூர்மை கெடுவது கூடுதல் நட்டம். இதைவிட எனக்குக் கவலை தருவது அவை கேட்கும் அனுமதிகள். பிற செயலிகளின் மேல் காட்டவும், அணுகல்தன்மைச் சேவையைப் பயன்படுத்தவும் அனுமதி கொடுத்துவிட்டால், உங்கள் திரையில் உள்ளதைப் படிக்கவும் உங்கள் சார்பில் பொத்தான்களை அழுத்தவும் அந்தச் செயலியால் முடியும். வங்கிக் கணக்கு உள்ள கைபேசியில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

திரை மாற்றுவதில் ஏமாற்று இன்னும் அதிகம். ‘ஹார்ட் ஓலெட்’, ‘சாஃப்ட் ஓலெட்’, ‘இன்செல்’ என்று இடைத்தரகர்கள் விற்கும் மாற்றுத் திரைகளில் இன்செல் என்பது ஓலெட்டே அல்ல, எல்சிடி. அதில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் கறுப்புப் பின்னணி வைத்தும் பயன் இல்லை. மற்ற இரண்டும் எல்டிபிஓவாக இல்லாவிட்டால், இப்போது உங்களிடம் உள்ள 1 ஹெர்ட்ஸ் வசதியைக் காசு கொடுத்து இழப்பீர்கள். ஏற்கெனவே திரை மாற்றியவர்கள், இருட்டறையில் திரையின் வெளிச்சத்தை முழுதாக வைத்து, முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து பார்க்கலாம். சாம்பல் நிறத்தில் ஒளி கசிந்தால் அது எல்சிடி. ஓலெட் என்று சொல்லி விற்றிருந்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

எப்போதும் ஒளிரும் கடிகாரம் உங்கள் திரையில் பெரிய குற்றவாளி அல்ல. கறுப்புப் பின்னணியில் சில எண்கள் மட்டும், மங்கலாக, குறைந்த வேகத்தில் ஒளிரும் வேலை அது. மங்கலாக்கிய வால்பேப்பரையும் சேர்த்துக் காட்டும்படி வைத்திருந்தால் அந்தப் படத்தை மட்டும் நீக்குங்கள், கடிகாரம் இருக்கட்டும். அதற்குப் பிறகும் சார்ஜ் மாலைக்குள் தீர்ந்தால், அமைப்புகளில் உள்ள பேட்டரி பயன்பாட்டுப் பட்டியலைத் திறந்து, திரை அணைந்திருக்கும்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் செயலி எது என்று பாருங்கள்.