‘அழியாத கோலங்கள்’: பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

வணக்கம். காசிமேட்டில் நீங்கள் நடத்தும் படிப்பகத்தில் ‘அழியாத கோலங்கள்’ படத்தைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திரையிட விரும்புவதாகவும், படத்தில் வரும் மூன்று பையன்கள் திருட்டுத்தனமாகப் புகைபிடிப்பதைச் சுட்டிக்காட்டி உறுப்பினர் சிலர் தடுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தாராளமாகத் திரையிடலாம் என்பதே என் கருத்து.

1979இல் வெளிவந்த இப்படம், பாலு மகேந்திரா தமிழில் இயக்கிய முதல் படம், ஒளிப்பதிவும் அவரே. விடலைப் பருவத்தின் ஆர்வக்கோளாறை அவர் கொண்டாடவுமில்லை, பிரம்பெடுத்து மிரட்டவுமில்லை. ஷோபா நடித்த இந்துமதி டீச்சர் மீது அந்தப் பையன்களுக்கு உண்டாகும், மரியாதையும் மயக்கமும் கலந்த ஈர்ப்பைக் கொச்சைப்படுத்தாமல் காட்டியிருப்பதே படத்தின் பெருஞ்சிறப்பு. ஆனால், பெண்களை முழுக்கப் பையன்களின் கண் வழியாகவே பார்க்கிறது என்பது எனக்குள்ள மனக்குறை. படம் முடிந்ததும் மாணவிகளை முதலில் பேசவிடுங்கள்.

புகைபிடிக்கும் காட்சியைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. மூன்று நண்பர்களில் ஒருவன் ஆற்றில் மூழ்கி இறந்துபோகிறான். கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் உள்ள பகுதியில், அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை யாரேனும் கூட்டத்தில் இருக்கக்கூடும் என்பதால், பெற்றோரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மெதுவாக நகர்கிறது என்ற புகாரைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் சலில் சௌத்ரியின் இசை தெளிவாகக் கேட்க, மின்விசிறி இரைச்சலை மிஞ்சும் நல்ல ஒலிபெருக்கி ஒன்றை வாடகைக்கு எடுத்துவிடுங்கள்.