'பீட்டர் இபெட்சன்': 200 ரூபாய் டிவிடியா, புளூ-ரேயா?

கேள்வி: அப்பாவுக்கு கேரி கூப்பர் என்றால் உயிர். அவர் நடித்த 'பீட்டர் இபெட்சன்' (1935) என்ற சிறைக் காதல் படத்தைப் பிறந்தநாளுக்கு வாங்கித் தர நினைக்கிறேன். இணையத்தில் 200 ரூபாய்க்கு ஒரு டிவிடி கிடைக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் தங்கை, புளூ-ரே வாங்கி அனுப்புகிறேன் என்கிறாள். விலை பல மடங்கு அதிகம். எதை வாங்குவது? இங்கே ஓடுமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: தங்கை சொன்னதை வாங்குங்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பிளேயரில் ஓடுமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மலிவு வட்டு ஏன் வேண்டாம் என்பதற்குப் படத்தின் கதையே காரணம். பாரிஸ் அருகே அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்த ஒரு சிறுவனும் சிறுமியும் பிரிந்துபோகிறார்கள். கட்டடக் கலைஞனாகிவிட்ட பீட்டர், வேலைக்குப் போன பிரபு வீட்டில், பிரபுவின் மனைவியாக அவளையே பார்க்கிறான். அவளாக நடித்தவர் ஆன் ஹார்டிங். சந்தேகத்தில் பிரபு துப்பாக்கியை எடுக்க, தற்காத்துக்கொள்ளப் போன பீட்டரின் கையால் அவர் இறக்கிறார். ஆயுள் தண்டனை. சிறையில் முதுகு ஒடிந்து கிடப்பவன் கனவில் அவளைச் சந்திக்கிறான். அதே கனவு அவளுக்கும் வருகிறது. ஆண்டுகள் ஓடுகின்றன, கனவில் மட்டும் இருவருக்கும் வயதாவதே இல்லை. கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்கிய சர்ரியலிஸ்ட் இயக்கத்தின் கவிஞர் ஆந்த்ரே பிரெட்டன் கொண்டாடிய படம் இது.

இயக்குநர் ஹென்றி ஹாதவே, ஒளிப்பதிவாளர் சார்லஸ் லாங். சிறையின் இருட்டு, கனவின் வெளிச்சம், இந்த இரண்டில்தான் படமே நிற்கிறது. நான் முதலில் வாங்கியது ஒரு மலிவு டிவிடிதான். சிறைக் காட்சியில் திரை முழுக்கக் கரி பூசியதுபோல இருந்தது. கனவுக் காட்சியில் ஆன் ஹார்டிங்கின் முகம் வெள்ளைத் திட்டாகிவிட்டது, கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை. நல்ல பிரதியைப் பார்த்தபோதுதான் அந்த முகத்தையே பார்த்தேன்.

இந்தியாவில் திரைப்படத்துக்குப் பதிப்புரிமை 60 ஆண்டுகள்தான். 1935இல் வந்த படத்துக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. அதனால் எங்கிருந்தோ எடுத்த பிரதியை யார் வேண்டுமானாலும் வட்டில் பதிந்து விற்கலாம். வட்டைத் திருப்பிப் பாருங்கள்: ஆலையில் அச்சான டிவிடியின் அடிப்பக்கம் பெரும்பாலும் வெள்ளிபோல இருக்கும், கணினியில் பதிந்ததில் ஊதா அல்லது நீலச் சாயல் தெரியும்.

அமெரிக்காவில் கினோ லார்பர் நிறுவனம் இதை புளூ-ரேயாக வெளியிட்டிருக்கிறது. யுனிவர்சல் 2005இல் கொண்டுவந்த கேரி கூப்பர் டிவிடி தொகுப்பிலும் இந்தப் படம் உண்டு. அதில் மொத்தம் ஐந்து படங்கள். அப்பா கூப்பர் ரசிகர் என்பதால், பழைய தொகுப்பு நல்ல நிலையில் கிடைத்தால் அதையும் யோசிக்கலாம்.

சரி, ஓடுமா? உலகத்தை மண்டலங்களாகப் பிரித்துத்தான் வட்டுகளை விற்கிறார்கள்; வட்டின் மண்டலமும் பிளேயரின் மண்டலமும் பொருந்தாவிட்டால் ஓடாமல் போகலாம். டிவிடியில் அமெரிக்கா மண்டலம் 1, இந்தியா 5. புளூ-ரேயில் அமெரிக்கா ஏ, இந்தியா சி. இங்கே விற்கும் டிவிடி பிளேயர்கள் பல எல்லா மண்டல வட்டையும் ஏற்கும். புளூ-ரே பிளேயர்கள் பெரும்பாலும் அப்படி இல்லை. 'டிவிடி எல்லாம் ஓடுதே' என்று நம்பிவிடாதீர்கள். புளூ-ரேக்கு மண்டலப் பூட்டு தனி. தங்கையிடம் வேறு ஏதாவது ஏ மண்டல வட்டு இருந்தால், ஊருக்கு வரும்போது எடுத்துவரச் சொல்லிப் போட்டுப் பாருங்கள். டிவிடி தொகுப்பைக் கணினியில் போட்டுப் பார்ப்பதானால் கவனம்: கணினி டிவிடி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், அப்புறம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

பார்சலில் அனுப்ப வேண்டாம், நேரில் வருபவர் பெட்டியில் கொண்டுவரட்டும். பரிசுப் பொருளுக்கு இருந்த சுங்கவரிச் சலுகை 2019 டிசம்பரில் எடுக்கப்பட்டுவிட்டது. இங்கேயே இணையத்தில் வாங்கி, புளூ-ரே என்று சொல்லிவிட்டுப் பதிந்த டிவிடியை அனுப்பினால், உறையைப் பிரிப்பதிலிருந்தே படம் எடுத்து வைத்துக்கொண்டு விற்பனையாளரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்.

படம் ஓடும்போது திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரியும். அந்தக் காலப் படச் சட்டம் ஏறக்குறைய சதுரமானது, அதனால்தான். பட்டையை மறைக்க டிவியில் படத்தை அகலமாக்கிவிடாதீர்கள். கூப்பரின் நீள முகம் உப்பிப் போய்விடும்.