கண்ணை மூடினால் உடம்பு தள்ளாடுகிறதே, கால் பலவீனம்தான் காரணமா?

கால் பலவீனம் என்றுதான் நாங்களும் ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

அம்மாவுக்கு 68 வயது, நீரிழிவு 15 வருடமாக இருக்கிறது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீடு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில். லிஃப்ட் பழுதானால் மரக்கறிப் பையோடு படியேறி வந்துவிடுவார். அதே ஆள் காலையில் முகம் கழுவும் பேசினில் குனிந்து, முகத்தில் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடியதும் ஒரு பக்கம் சாய்வார். அப்புறம் ஒரு நாள் இரவு கரண்ட் போனபோது வீட்டு நடைவழியில் விழுந்தார். எலும்பு முறியவில்லை, நல்ல காலம். மூன்று மாடி ஏறுகிற காலுக்குப் பலம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

பிசியோதெரபிஸ்ட் இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து நிற்கச் சொன்னார். அம்மா அசையாமல் நின்றார். "இப்ப கண்ணை மூடுங்கோ அம்மா" என்றார். சில விநாடிதான், அம்மா சாய, பக்கத்தில் தயாராக நின்றவர் தோளைப் பிடித்துக்கொண்டார். இதற்கு ரோம்பெர்க் சோதனை என்று பெயர். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க் விவரித்தது.

நாம் நேராக நிற்கிறோமா என்று மூளைக்கு மூன்று இடத்திலிருந்து சேதி போகிறது. ஒன்று கண். இரண்டாவது உட்காது: அங்குள்ள மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதைச் சொல்லும், பக்கத்திலிருக்கும் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் தலை சாய்வதைக் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது பாதத்தின் தோலும் கணுக்கால் மூட்டும் தசைகளும். ஒன்று கெட்டால் மற்ற இரண்டை வைத்து மூளை ஒருமாதிரி சமாளித்துவிடும். அம்மாவுக்கு நீரிழிவு பாதத்து நரம்புகளைக் கெடுத்து, அங்கிருந்து வரும் சேதி மங்கிப்போயிருந்தது. பகலில் கண் அதை ஈடுகட்டியதால் எங்களுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. சவர்க்கார நுரையும் இருட்டும்தான் காட்டிக்கொடுத்தன.

சேதி சரியாக வந்தாலும் உடம்பின் அமைப்பு ஒன்று இருக்கிறது. நம் ஈர்ப்பு மையம், அதாவது உடம்பின் எடை முழுதும் குவிந்ததுபோல் இருக்கும் புள்ளி, தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடுப்புக்கூட்டுக்குள். அதிலிருந்து தூக்குக்குண்டு விட்டால் கணுக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் விழும். அதனால் உடம்பு எந்நேரமும் முன்பக்கம் விழப் பார்க்கிறது, கெண்டைக்கால் தசை பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கிறது. "சும்மா நிற்கிறேன்" என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தத் தூக்குக்குண்டு பாதங்கள் அடைக்கும் பரப்புக்குள் இருக்கும் வரைதான் நிற்கலாம். கொழும்பின் காலி வீதியில் (Galle Road) ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸில் கொண்டக்டரைப் பாருங்கள். இரண்டு கையிலும் காசும் டிக்கெட்டும். ஆனால் பஸ் ஓடும் திசையில் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, முழங்கால் லேசாக மடங்கி, இடுப்பு சீட் ஓரத்தில். பிரேக் போட்டால் தள்ளும் திசையில்தான் அவர் அடித்தளத்தை அகட்டி வைத்திருக்கிறார். காலை ஒட்டி நிற்கும் நாம்தான் முன்சீட்டுக்காரர் மடியில் போய் விழுகிறோம்.

அம்மாவுக்கு என்ன செய்தோம் என்றால், நடையில் கரண்ட் போனாலும் எரியும் ஒரு சின்ன விளக்கு, குளியலறையில் பிடிகம்பி. மெத்தென்ற தடித்த செருப்பை எறிந்துவிட்டு, மெல்லிய அடியுள்ள, குதியைப் பிடிக்கும் செருப்பு வாங்கினோம். பஞ்சு மாதிரி அடி கொஞ்சநஞ்ச உணர்வையும் விழுங்கிவிடும். பேசினில் ஒரு கையால் விளிம்பைத் தொட்டுக்கொண்டே முகம் கழுவச் சொன்னார் பிசியோ. நான் நம்பவில்லை, தொட்டால் மட்டும் போதுமா என்று. போதுமாம். 100 கிராம் எடையளவுகூட அழுத்தம் வேண்டாம், விரல் நுனி சும்மா பட்டாலே ஆட்டம் குறையும். அந்த விரல் உடம்பைத் தாங்குவதில்லை, எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று மூளைக்குச் சொல்கிறது.

உங்கள் கதை வேறாக இருக்கலாம். படுக்கையில் புரண்டால் சில விநாடி உலகமே சுற்றினால், காதுப் படிகம் இடம் மாறியிருக்கக்கூடும். தலையை முறைப்படி திருப்பியே சரிசெய்வார்கள். எழுந்தவுடன் கண் இருட்டினால் பிரஷர் குளிசையைப் பற்றி டொக்டரிடம் கேளுங்கள். திடீர்த் தள்ளாட்டத்தோடு பேச்சு குழறினாலோ ஒரு பக்கம் மரத்தாலோ இங்கே பதில் தேட வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

இப்போது எங்கள் நடைச் சுவரில் இடுப்பு உயரத்தில் மங்கலாக ஒரு கோடு விழுந்திருக்கிறது, அம்மாவின் விரல் போன தடம். தீபாவளிக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று அவரே முணுமுணுக்கிறார், அதைத் தொட்டுக்கொண்டே.