பேட்டரியில் வருடக்கணக்கில் ஓடும் வீட்டு சென்சார்களுக்கு எந்தத் திறமூலத் தளம் நல்லது? ஈஎஸ்பி32 போதுமா?

மதுரை ஒத்தக்கடையில் இரண்டு மாடி வீடு, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, கீழே சம்ப், வாசலில் கேட். எல்லாவற்றிலும் பேட்டரி சென்சார் வைத்து ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுத் தானியங்கி மென்பொருளில் பார்க்க வேண்டும், சர்க்யூட்டும் நிரலும் திறந்தவையாக இருக்க வேண்டும், கையில் ஈஎஸ்பி32 என்ற வைஃபை சில்லு உள்ள போர்டு ஒன்று இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

பிளக் பாயின்ட் இருக்கும் இடத்துக்கு ஈஎஸ்பி32 அருமை. பேட்டரிக்கு வேண்டாம். அங்கே ஆர்டுயினோ போர்டுகளில் வரும் ஏடிமெகா328பி சில்லும், வைஃபை இல்லாமல் நேரடியாகத் தகவல் அனுப்பும் ஆர்எஃப்எம்69 ரேடியோவும் சேர்ந்த போர்டுதான் என் தேர்வு. திருநகரில் எங்கள் வீட்டிலும், சோழவந்தானில் மாமாவின் தென்னந்தோப்பிலும் இதைத்தான் வைத்திருக்கிறேன்.

காரணம் வைஃபை. தூங்கிவிட்டு ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் ஈஎஸ்பி32 ரூட்டரைத் தேடி, கடவுச்சொல் சொல்லி, முகவரி வாங்கி, அப்புறம்தான் தகவலை அனுப்பும். இதற்கு மூன்று வினாடி, சராசரி 80 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் ஒரு நாளுக்கு 19 மில்லிஆம்பியர் மணி போய்விடும். 2000 மில்லிஆம்பியர் மணி பேட்டரி காகிதத்தில்கூட மூன்றரை மாதத்தைத் தாண்டாது. ஆர்எஃப்எம்69 யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. விழித்து, சொல்லி, பதில் வந்ததா என்று பார்த்துவிட்டுத் தூங்கிவிடும்; எல்லாம் 50 மில்லி வினாடிக்குள். அதே ஐந்து நிமிடக் கணக்கில், தூக்கத்தில் போகும் மின்சாரத்தையும் சேர்த்து நாளுக்கு அரை மில்லிஆம்பியர் மணியைத் தாண்டாது. அதே அளவு பேட்டரி காகிதத்தில் பத்து ஆண்டு வரும். செல் தானாகவும் வடியும், நம்மூர் மொட்டை மாடி வெயில் அதைக் கூட்டும், அதனால் மூன்று நான்கு ஆண்டு என்று எதிர்பாருங்கள்.

ஈஎஸ்பி-நௌ என்ற நெறிமுறை ரூட்டரை விட்டுவிட்டு நேரடியாக அனுப்பும், அது பரவாயில்லை. ஆனால் உங்கள் போர்டில் இன்னொரு வில்லன் இருக்கக்கூடும். ஆழ்ந்த தூக்கத்தில் ஈஎஸ்பி32 சில்லு எடுப்பது 10 மைக்ரோஆம்பியர் அளவுதான். விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் உள்ள ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டரோ (வோல்டேஜைக் குறைத்துத் தரும் பாகம்) சும்மா இருக்கவே 5 மில்லிஆம்பியர் குடிக்கும். சில்லு தூங்கினாலும் போர்டு தூங்காது. பேட்டரி இரண்டு மூன்று வாரத்தில் காலி. ஆர்டுயினோ ப்ரோ மினி வாங்கினாலும் 3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ் ரகம் வாங்கி, பவர் எல்இடியையும் ரெகுலேட்டரையும் பிடுங்கிவிட்டு, இரண்டு ஏஏ செல்லை நேரடியாக இணையுங்கள். 5 வோல்ட் ரகம் வேண்டவே வேண்டாம், அதன் சிக்னல் பின்கள் ஆர்எஃப்எம்69-ஐப் பதம் பார்த்துவிடும்.

ஏடிமெகாவும் இந்த வகை ரேடியோவும் சேர்ந்த ஜோடி ஒன்றும் புதிதல்ல. நெதர்லாந்தில் ஜீலேப்ஸ் நடத்திய ஜான்-க்ளோட் விப்ளரின் ஜீநோட் போர்டுதான் பலருக்கும் முன்னோடி. ஏடிமெகா328 உடன் பழைய ஆர்எஃப்எம்12பி ரேடியோ. பிறகு லோபவர்லேபின் மொட்டீனோ போர்டு வந்தது, அது ஆர்எஃப்எம்69-க்கு மாறியது. நிரலுக்கு மைசென்சார்ஸ் என்ற திறமூல நூலகம் போதும். ஆர்எஃப்எம்69, என்ஆர்எஃப்24 என்ற இரண்டு ரேடியோவுக்கும் அது ஒன்றே, ஹோம் அசிஸ்டன்ட்டிலும் நேராக இணையும். திறந்த நிரல் என்பதில் கறாராக இருப்பவர் என்றால் இதையும் கவனியுங்கள்: ஈஎஸ்பி32 போர்டுகளுக்கான ஈஎஸ்ப்ஹோம் மென்பொருள் முழுக்கத் திறமூலம்தான், ஆனால் அடியில் ஈஎஸ்பி32-இன் வைஃபை அடுக்கு மூல நிரல் தெரியாத மூடிய பைனரியாக வருகிறது.

அடுத்தது அலைவரிசை. வெளிநாட்டுப் பதிவுகளை அப்படியே பின்பற்றுகிறவர்கள் இடறுவது இங்கேதான். அமெரிக்கர்கள் 915 மெகாஹெர்ட்ஸ் என்பார்கள். நம் நாட்டில் அதற்கு உரிமவிலக்கு கிடையாது. 2005 முதல் 865–867 மெகாஹெர்ட்ஸ் உரிமம் இல்லாமல் திறந்திருக்கிறது, 2021-இல் 868 வரை நீட்டினார்கள். 868 எனப்படும் ஆர்எஃப்எம்69 வாங்கி, நிரலில் 866-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆன்டெனா வெறும் ஒற்றைக் கம்பி போதும். 915-க்கு 7.8 செ.மீ. என்று எழுதியிருப்பார்கள், நமக்கு 8.2 செ.மீ.

இரண்டு கான்கிரீட் தளத்தைக் கடந்து மாடியிலிருந்து கீழே வர, வைஃபையும் ஜிக்பீயும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸைவிட 866 மெகாஹெர்ட்ஸ் எவ்வளவோ மேல். ஜிக்பீ என்ற குறைந்த மின்சார ரேடியோ முறையில் ஓடும் கடைச் சென்சார்கள் நன்றாகவே இருக்கும், பேட்டரியும் நீடிக்கும். ஆனால் அவற்றில் பேட்டரி சாதனங்கள் பிறர் தகவலைக் கடத்தாது. தளத்துக்குத் தளம் மின் இணைப்பில் ஒரு ஜிக்பீ பிளக்காவது வேண்டும். செய்து பார்க்கும் ஆசை இல்லாதவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

தொட்டிக்கு வருவோம். ஒலி அலையால் தூரம் அளக்கும் அல்ட்ராசானிக் சென்சார் என்று உடனே தோன்றும். நீர்புகா ரகமான ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி, 20–25 செ.மீ. வரை நெருங்கிய எதையும் பார்க்காது. தொட்டி நிரம்பும் நேரத்தில்தான் நமக்கு அது வேண்டும். நான் சாதா மிதவை ஸ்விட்ச் வைத்தேன். கால், அரை, முக்கால், நிறைவு என நான்கு. மாமா கேட்பதும் அவ்வளவுதான்: 'மோட்டார் போடணுமா, வேணாமா?' மிதவைக்குத் தனி மின்சாரம் தேவையில்லை, நிலை மாறும்போது சில்லைத் தட்டி எழுப்பும். ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. ஸ்விட்ச் மூடியிருக்கும்போது சில்லின் உள் புல்-அப் ரெசிஸ்டர் (பின்னை மேல் வோல்டேஜில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) வழியே 100 மைக்ரோஆம்பியர் அளவுக்குக் கசியும், தூக்க மின்சாரத்தைப் போல பத்து மடங்கு. உள் புல்-அப்பை அணைத்துவிட்டு வெளியே 1 மெகாஓம் போட்டால் 3 மைக்ரோஆம்பியர்தான். வயர் நீளமாக இருந்தால் ஒரு சின்ன கெப்பாசிட்டரும் சேருங்கள், இல்லாவிட்டால் மோட்டார் போடும்போதெல்லாம் பொய்யாக எழும்.

போர்டைத் தொட்டிக்குள் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் வழியாக அலை போகும், தண்ணீர் வழியாகப் போகாது. கைப்பிடிச் சுவரின் நிழல் பக்கம் ஒரு மூடிய பெட்டியில் வைத்தால் செல்லும் பிழைக்கும்.

கீழே தகவலை வாங்கும் கேட்வே எப்போதும் விழித்திருக்கும், அதற்கு பேட்டரி நினைப்பே வேண்டாம். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியோடு யூஎஸ்பியில் செருகி, இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். கரண்ட் போய் ரூட்டர் அணைந்தாலும் தொட்டி அளவு பதிவாகிக்கொண்டே இருக்கும். உங்கள் ஈஎஸ்பி32-ஐ மோட்டார் ஸ்டார்ட்டர் பக்கம் ரிலேவோடு வையுங்கள், அங்கே அதுதான் சரியான ஆள்.

எங்கே வாங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். டவுன்ஹால் ரோடு பக்கம் ரெசிஸ்டர், பெட்டி, செல் ஹோல்டர் எல்லாம் கிடைக்கும். ஆர்எஃப்எம்69-க்கு சென்னை ரிச்சி தெரு அல்லது ஆன்லைன்தான். 433 ரகமும் பார்க்க அச்சு அசல் அப்படியே இருக்கும், அதனால் 868 என்று எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.