நானோ இழை ஏன் உருண்டையாகிறது?

கேள்வி: பாலிஅனிலின் (மின்சாரம் கடத்தும் பாலிமர்) நானோ இழை தயாரிக்க, குளோரோஃபார்முக்குப் பதில் பி.எம்.ஐ.எம்.-பி.எஃப்.6 என்ற அயனித் திரவத்தை (அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உப்பு) பயன்படுத்தினேன். காந்தக் கலக்கியில் வைத்தும் இழை வரவில்லை, மணிமணியாகத் திரண்டுவிட்டது. காரணம் என்ன? (ஆய்வு மாணவர்)

பதில்: கலக்கிதான் காரணம். முதலில் பிறப்பது மெல்லிய இழைதான். கலக்கினால் புதுப் பாலிமர் அந்த இழைகள் மேலேயே படிந்து தடித்துத் திரளும். கலக்காமல் விட்டால் அயனித் திரவமும் அமில நீரும் சந்திக்கும் இடைமுகத்தில் உருவாகும் பச்சை நிற இழை அமிலத்தில் டோப் ஆகி (புரோட்டான் ஏற்று மின்கடத்தும் உப்பாகி), நீரை நாடி மேலேறிவிடும், தடிக்க நேரமிருக்காது. அயனித் திரவத்தை இழைக்கு வடிவம் தரும் அச்சாக நினைக்க வேண்டாம். அதன் பாகுத்தன்மை அனிலின் வந்துசேரும் வேகத்தை மட்டுப்படுத்துகிறது, அவ்வளவே.

10 மி.லி. அயனித் திரவத்தில் 0.3 கிராம் அனிலின் (பழுப்பேறியிருந்தால் வடித்தெடுத்தது) கரையுங்கள். 10 மி.லி. 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 0.18 கிராம் அமோனியம் பெர்சல்ஃபேட் கரைத்து, பிப்பெட்டால் குப்பிச் சுவரோரமாக மெல்ல விடுங்கள். கனமான அயனித் திரவம் அடியில் நிற்கும். அனிலினும் பெர்சல்ஃபேட்டும் மோல் கணக்கில் 4:1. ஆக்சிஜனேற்றியான பெர்சல்ஃபேட்டைக் கூட்டினால் விளைச்சல் கூடும், இழை கெடும். அறை வெப்பத்தில் இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள்.

பி.எஃப்.6 எதிரயனி கொண்ட திரவத்தை இங்கே நான் பரிந்துரைக்க மாட்டேன். அமில நீரோடு சேர்ந்தால் அது மெல்ல நீரால் சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகும், சூடாக்கினால் வேகமாகவே. கண்ணாடியை அரிக்கும், கைக்கும் ஆபத்து. அதே நேரயனியோடு (பி.எம்.ஐ.எம்.) டி.எஃப்.எஸ்.ஐ. என்ற இமைடு எதிரயனி கொண்ட அயனித் திரவம் நீரோடு கலக்காது, எளிதில் சிதையாது, பாகுத்தன்மையும் பல மடங்கு குறைவு.

கேள்வி: கழுவிய பிறகும் பொடி பிசுபிசுக்கிறது. அதே திரவத்தைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

பதில்: பிசுபிசுப்பு, ஒட்டியிருக்கும் அயனித் திரவம். இது ஆவியாகாது, அடுப்பில் உலர்த்திப் பயனில்லை. எத்தனால் அல்லது அசிட்டோனில் இரண்டு மூன்று முறை மையவிலக்கிக் கழுவுங்கள். முழுதாக வளராத குறுஞ்சங்கிலிப் பாலிமர்த் துணுக்குகளும் போகும். கடைசிக் கழுவல் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இருக்கட்டும். வெறும் நீரில் பலமுறை கழுவினால் டோப்பிங் இறங்கி, பச்சை நீலமாகிக் கடத்துதிறன் விழும். அகச்சிவப்பு நிரலில் 1350, 1055 செ.மீ.⁻¹ அருகே கூர்மையான உச்சி தெரிந்தால் டி.எஃப்.எஸ்.ஐ. இன்னும் இருக்கிறது. அந்த நிலையில் கடத்துதிறன் அளந்தால் அயனிக் கடத்தலும் சேர்ந்துகொள்ளும்.

திரும்பப் பயன்படுத்தலாம். மிஞ்சிய அனிலினை நீர்த்த அமிலத்தால் பிரித்து, பிறகு நீரால் கழுவி, நிறத்தைச் செயலூட்டிய கரியால் நீக்கி, 70 டிகிரி செல்சியஸில் வெற்றிடத்தில் உலர்த்துங்கள்.