நீல முட்டை இடும் அரக்கானா இனம் என்று வாங்கிய கோழி பழுப்பு முட்டை இடுகிறதே, தீவனத்தை மாற்றலாமா?

மாற்றிப் பயனில்லை. ஓட்டின் நிறம் இனத்தோடு வருவது, தீவனத்தால் நீலமாகாது. கடலூரில் உங்களுக்குக் கிடைத்தது அநேகமாகக் கலப்புக் கோழி. நீல மரபணு அதற்கு வரவில்லை.

ஒரு முட்டையை உடைத்து, உள்சவ்வை உரித்துவிட்டு ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள். நீலம் ஓடு முழுக்க ஊறியிருக்கும், பழுப்பு மேலே படிவதுதான். உள்ளே வெள்ளை என்றால் அந்தக் கோழியிடம் நீலத்தை எதிர்பார்க்க வேண்டாம். உள்ளே நீலம், வெளியே பச்சை என்று வந்தால் அருமை, அதை விற்றுவிடாதீர்கள்!

அப்புறம், மற்ற நிற முட்டைகள் வேண்டுமென்றால், வெள்ளைக்கு லெகார்ன் இனம், பழுப்புக்கு ரோட் ஐலண்ட் ரெட் இனம் போதும். கடக்நாத் கருங்கோழிதான், முட்டை கருப்பாக இருக்காது. அடர் சாக்லேட் நிறத்துக்கு மாரன்ஸ் வேண்டும்; ஆனால் கனத்த உடம்பு, நம் கத்திரி வெயிலில் நல்ல நிழலும் குளிர்ந்த தண்ணீரும் இல்லாவிட்டால் திணறிவிடும்.